ஓமத்தின் மணமும் வினையூக்கியின் பணியும்

மருத்துவமனைத் தாழ்வாரங்களைக் கழுவப் பயன்படும் கரிய கிருமிநாசினியின் நெடியையும், உள்ளங்கையில் வைத்துக் கசக்கிய ஓமத்தின் மணத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட எவரும் எண்ணார். முன்னது நிலக்கரித் தாரில் பிறப்பது. பின்னது வயலில் விளைவது. எனினும் இரசாயனக் கண்கொண்டு நோக்கின் இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கிருமிநாசினியில் இருப்பது கிரெசால். ஓமத்தில் இருப்பது தைமால். கிரெசால் வகைகளுள் ஒன்றன் மூலக்கூறில், மூன்று கரி அணுக்களைக் கொண்ட சிறு கிளையொன்றைக் குறித்த ஓரிடத்தில் சேர்த்துவிட்டால் அது தைமாலாகிவிடும். "குறித்த ஓரிடத்தில்" என்னும் சொற்களிலேதான் இடர்ப்பாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. கிளையைச் சேர்ப்பது எளிது. அதனை வேண்டிய இடத்தில் மட்டும் அமரச் செய்வதே அரிது. அவ்வாறு அமரச் செய்யும் பொறுப்பை ஏற்பவை வினையூக்கிகள். தாம் செலவாகாமல் பிற பொருள்களின் இரசாயன மாற்றத்தை விரைவுபடுத்தும் இப்பொருள்களைக் கிரியா ஊக்கிகள் என்றும் வழங்குவர்.

ஆறு மூலைகள்

ஆசிரியர் கரும்பலகையில் ஓர் அறுகோணம் வரைந்து கொள்ளட்டும். அதன் ஆறு மூலைகளிலும் ஆறு கரி அணுக்கள் உள்ளன. இதுவே பென்சீன் வளையம். ஒரு மூலையில் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதியை இணைத்தால் அது பீனால் ஆகும். இம்மூலையை அடுத்து இருபுறமும் உள்ள இரு மூலைகளுக்கு ஆர்த்தோ என்றும், அவற்றை அடுத்தவற்றிற்கு மெட்டா என்றும், நேர் எதிரிலுள்ள மூலைக்குப் பாரா என்றும் பெயர். மீத்தைல் என்னும் ஒரு கரியணுக் கிளையைப் பீனாலுடன் சேர்த்தால் கிடைப்பது கிரெசால். கிளை அமரும் இடத்திற்கேற்ப ஆர்த்தோ கிரெசால், மெட்டா கிரெசால், பாரா கிரெசால் என மூன்று பொருள்கள் உண்டாகின்றன. மூன்றிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. இருக்கை மட்டுமே வேறு.

இருக்கை வேறுபட்டால் என்ன கேடு என மாணவர் வினவக்கூடும். தாழ்வாரத்தைக் கழுவுவதற்கு மூன்றும் கலந்திருப்பினும் கேடில்லை. ஆனால் மருந்து, நறுமணப் பொருள், எண்ணெய் கெடாமல் காக்கும் பொருள் ஆகியவற்றைச் செய்ய முற்படுவோர்க்கு ஏதேனும் ஒன்று மட்டுமே வேண்டும், மற்றவை குப்பை. கலவையிலிருந்து பிரித்துக் கொள்ளலாமே எனின், அங்கும் ஓர் இடையூறு உண்டு. ஆர்த்தோ கிரெசால் ஏறக்குறைய 191 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கிறது. ஆகவே அதனை வாலைவடித்துப் பிரித்துவிடலாம். மெட்டாவும் பாராவுமோ இரண்டும் 202 டிகிரியை ஒட்டிக் கொதிப்பவை. அவற்றிடையே உள்ள வேறுபாடு ஒரு டிகிரிகூட இல்லை. எத்துணை உயரமான வடிகோபுரத்தை எழுப்பினும் இவ்விரண்டையும் செம்மையாகப் பிரித்தல் இயலாது.

இங்கே தொழில் வல்லார் கையாளும் உபாயம் சுவையானது. கலவையோடு ஐசோபியூட்டிலீன் வாயுவை அமில வினையூக்கியின் முன்னிலையில் சேர்ப்பர். இரு கிரெசால்களும் அவ்வாயுவைத் தம் வளையத்தில் கிளைகளாக ஏற்றுக் கொள்கின்றன. கிளை தாங்கிய நிலையில் அவற்றின் கொதிநிலைகள் விலகிவிடுவதால் வடித்துப் பிரிக்கலாம். பிரித்தபின் சூடாக்கி அக்கிளைகளைக் கழற்றிவிட்டால் தூய மெட்டா கிரெசால் மீள்கிறது. பாராவின் கிளையைக் கழற்றுவதற்குப் பெரும்பாலும் தேவையே எழுவதில்லை. கிளைகளுடன் கூடிய அப்பொருளே எண்ணெய், ரப்பர் முதலியவை காற்றுப் பட்டுக் கெடாமல் தடுக்கும் பி.எச்.டி. என்ற விலைபோகும் சரக்காகும்.

கப்பலேறிய ஓமம்

பீனாலைத் தாரிலிருந்து முதலில் பிரித்தவர் ஜெர்மனியின் ரூங்கே, ஆண்டு 1834. 1865-இல் கிளாஸ்கோ நகரில் லிஸ்டர் அதனை அறுவைப் புண்களுக்குப் பயன்படுத்தி, புண் அழுகி மடிவோர் தொகையைக் குறைத்தார். ஆயினும் பீனால் கிருமியை மட்டும் சுடுவதில்லை, தோலையும் சுடும். வளையத்தில் தக்க கிளைகள் சேர்ந்தால் இக்குணம் மாறுகிறது. தைமால் பீனாலைவிடக் கிருமிகளை மிகுதியாகக் கொல்கிறது. தோலை அத்துணை வருத்துவதில்லை. இரண்டு சிறு கிளைகள் செய்யும் வேலை இது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தைமாலுக்கு மற்றொரு பெருந்தேவை எழுந்தது. வெறுங்காலுடன் ஈரமண்ணில் உழைப்போரின் இரத்தத்தை உறிஞ்சும் கொக்கிப்புழுவை ஒழிக்க அக்காலத்தில் கிடைத்த முதன்மையான மருந்து தைமாலே. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1909 முதல் 1914 வரை நடைபெற்ற கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இம்மருந்தையே நம்பி நின்றது. தைமாலைக் கொடுத்துப் பேதி உப்பால் வெளியேற்றுவர். அன்று எண்ணெயும் மதுவும் கூடாது, அவை தைமாலைக் கரைத்து உடலுள் ஏற்றி உயிருக்கே தீங்கு செய்யும் எனக் களப்பணியாளர் எச்சரிக்கப்பட்டனர். இன்று அதனினும் பாதுகாப்பான மருந்துகள் உள்ளமையால் இப்பயன் மறைந்துவிட்டது.

அன்று உலகிற்குத் தேவையான தைமால் எங்கிருந்து வந்தது? ஓமம் விளைந்தது இந்தியாவில். மூட்டை மூட்டையாகக் கப்பலேறிச் சென்றது ஜெர்மனிக்கு. அங்கே எண்ணெய் வடிக்கப்பட்டு, தைமால் பளிங்குகளாக உலகெங்கும் விலைக்குச் சென்றது. ஓம விதையில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு வரை எண்ணெய் உண்டு. அவ்வெண்ணெயில் ஏறக்குறைய பாதி தைமால். குளிரவைத்தால் தானே பளிங்காகப் பிரியும் இதனை வடநாட்டார் 'சத் அஜ்வாயின்' என்ற பெயரால் நெடுங்காலமாக அறிவர். இருப்பினும் வாணிபத் தைமால் பிறநாட்டிலிருந்தே வந்தது. 1914-இல் போர் மூண்டதும் ஜெர்மனியின் சரக்கு நின்றது. மருந்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. விதை தன் வயலிலேயே இருந்தும் மருந்துக்குக் கடல் கடந்து காத்திருந்த அந்நிலை அப்போதுதான் பலருக்கு உறைத்தது. இந்நாட்டிலேயே வடித்தெடுக்கும் முயற்சிகள் அதன் பின்னரே தலைப்பட்டன.

அலுமினியத்தின் கைவண்ணம்

விதையின்றித் தைமால் செய்ய வேண்டுவன இரண்டு: மெட்டா கிரெசால், பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் ப்ரொப்பிலீன் வாயு. வளையங்களில் கிளை சேர்க்கும் கலையைப் பாரிஸ் நகரில் 1877-ஆம் ஆண்டில் ஃப்ரீடல், கிராஃப்ட்ஸ் என்னும் இருவர் கண்டறிந்தனர். அவர்கள் கையாண்ட அலுமினியம் குளோரைடு ஆற்றல் மிக்கது. ஆனால் பீனால் வகைகளிடத்தில் அது நல்ல பணியாளன் அன்று. பீனாலின் ஆக்ஸிஜனைப் பற்றிக் கொண்டு முடங்கிவிடுவதால் அதனை மிகுதியாக இடவேண்டும். வேலை முடிந்ததும் நீரூற்றிக் கழுவினால் அமிலமும் அலுமினியச் சேறுமாக வெளியேறும், மீண்டும் பயன்படாது. செலவாகாதது வினையூக்கி என்னும் இலக்கணத்திற்கே இது ஒவ்வாது.

அமிலங்களின் முன்னிலையில் ப்ரொப்பிலீன் பீனாலின் ஆர்த்தோ, பாரா ஆகிய இரு வகை மூலைகளையும் நாடுகிறது. ஹைட்ராக்சில் தொகுதி தன் மின்னணுச் செல்வத்தை அம்மூலைகளுக்கே மிகுதியாக வழங்குவது இதற்குக் காரணம். மெட்டா கிரெசாலில் தைமாலுக்குரிய இடம், ஹைட்ராக்சிலுக்கு ஆர்த்தோவாகவும் மீத்தைலுக்கு நேர் எதிராகவும் உள்ள மூலை. அங்கே செல்லாது பாராவிற்குச் சென்ற கிளைகள் யாவும் நட்டக் கணக்கில் சேரும்.

இதற்கு விடையளித்ததும் அலுமினியமே. ஆயின் வேறு உருவில். அமெரிக்க ஆய்வாளர் சிலர் 1950-களின் நடுவில் பீனாலில் சிறிது அலுமினியத்தைக் கரைத்து, அலுமினியம் பீனாக்சைடு என்ற பொருளாக்கி, அதனையே வினையூக்கியாகக் கொண்டு நோக்கினர். கிளைகள் பாராவைப் புறக்கணித்து ஆர்த்தோ மூலைகளிலேயே வந்தமர்ந்தன. அலுமினியம் பீனாலின் ஆக்ஸிஜனோடு பிணைந்து நிற்கிறது. வரும் வாயு மூலக்கூறைத் தன்னருகே ஈர்த்து, கைக்கெட்டும் தூரத்திலுள்ள மூலையில், அதாவது ஆர்த்தோவில், சேர்த்துவிடுகிறது. பந்தியில் பரிமாறுவோன் தன் கைக்கெட்டிய இலையிலேயே முதலில் இடுவதை ஒத்தது இது.

தொழிற்சாலையில் இதே பணியை அலுமினியம் ஆக்சைடு என்னும் திண்பொருள் செய்கிறது. மெட்டா கிரெசாலையும் ப்ரொப்பிலீனையும் உயர் அழுத்தத்தில் 360 டிகிரி அளவிற்குச் சூடாக்கி இதனோடு சேர்க்கையில், கிடைக்கும் கலவையில் 100-க்கு 60 பங்கு தைமால். 25 பங்கு மாறாத கிரெசால். எஞ்சிய 15 பங்கு இடம் மாறிய பொருள்கள். வினையூக்கி திண்பொருளாகவே நிற்பதால் கழுவிக் கொட்ட வேண்டுவதில்லை. இன்று உலகில் புழங்கும் தைமாலில் பெரும்பகுதி இவ்வழியே வருகிறது. வாய் கொப்புளிக்கும் நீர்மங்களிலும், தேனீக்களைப் பற்றும் வரோவா உண்ணியை ஒழிப்பதிலும் அது பயன்படுகிறது. தேனீ வளர்ப்போரிடையே பணிபுரியும் களப்பணியாளர்க்கு இப்பெயர் புதியதன்று.

தைமாலோடு கதை முடிந்துவிடவில்லை. நிக்கல் முதலிய உலோக வினையூக்கிகளின் உதவியால் தைமாலுக்கு ஹைட்ரஜனை ஊட்டினால் மென்தால் உண்டாகும். ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்மின்டன் நகரில் 1970-கள் முதல் இம்முறை தொழிலளவில் நடைபெறுகிறது. மென்தாலுக்கு இடவமைப்பில் எட்டு வடிவங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றே நாம் விரும்பும் குளிர்ச்சியை நிறைவாக அளிப்பது. புதினாச் செடி பெரும்பாலும் அந்த ஒன்றையே படைக்கிறது. தொழிற்சாலையோ எட்டையும் படைத்துப் பின்னர் பிரிக்க வேண்டியிருக்கிறது. இயற்கை மென்தாலை மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியா. உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி, சம்பல் முதலிய மாவட்டங்களின் உழவர், லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ நறுமணச் செடிகள் ஆய்வு நிலையம் உருவாக்கிய கோசி, சிம்-கிராந்தி போன்ற புதினா இனங்களைப் பயிரிடுகின்றனர். அவர்தம் எண்ணெயின் விலையை மழையும் வெயிலும் மட்டும் முடிவு செய்வதில்லை. கடலுக்கப்பால் ஓர் உலையில் வினையூக்கி எத்துணைச் செம்மையாகப் பணிபுரிகிறது என்பதும் அதில் பங்கு கொள்கிறது. வேளாண் விரிவாக்கப் பணியாளர் உழவரிடம் விலை பற்றிப் பேசுங்கால் இதனை மறத்தலாகாது.

நுண்துளைகளும் நீரோடைகளும்

பீனாலும் இன்று தாரை நம்பி இல்லை. பென்சீனில் ப்ரொப்பிலீனைச் சேர்த்துக் கியூமீன் ஆக்கி, அதனைக் காற்றால் ஆக்ஸிஜனேற்றி, அமிலத்தால் பிளந்தால் பீனாலும் அசிட்டோனும் ஒருங்கே கிடைக்கும். 100 டன் பீனாலுக்கு 62 டன் அளவில் அசிட்டோன். ஹாக், லாங் ஆகிய ஜெர்மானியர் 1944-இல் வெளியிட்ட முறை இது. குஜராத்தில் தகேஜ் என்னுமிடத்தில் 2018-இல் தொடங்கிய ஆலை ஆண்டிற்கு 2 லட்சம் டன் பீனால் செய்யும் திறனுடன் அமைக்கப்பட்டது. கியூமீன் செய்வதற்கு முன்னர்ப் பயன்பட்ட அமிலங்களின் இடத்தை 1990-கள் முதல் சியோலைட்டுகள் பெற்று வருகின்றன. இவை அலுமினியமும் சிலிக்கனும் ஆக்ஸிஜனும் சேர்ந்த பளிங்குகள். உள்ளே சீரான நுண்துளைகளை உடையவை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூற்றின் பாதி முதல் முக்கால் வரையே அத்துளைகளின் அகலம். மெலிந்த மூலக்கூறு நுழையும். கிளை பரந்தது வெளியே நிற்கும்.

அத்தகைய பளிங்கில் அலுமினியத்திற்கு மாற்றாகச் சிறிது டைட்டானியத்தைப் புகுத்தி இத்தாலியர் செய்த வினையூக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு பீனாலில் இரண்டாவது ஹைட்ராக்சிலைச் சேர்க்கிறது. கழிவாக வெளியேறுவது பெரும்பாலும் நீரே. ராவென்னா நகரில் 1986-இல் ஆண்டிற்கு 10,000 டன் அளவில் இது தொழிலாயிற்று. ஆயினும் ஆர்த்தோ, பாரா ஆகிய இரண்டும் இங்கே ஏறக்குறைய சமமாகவே விளைகின்றன. ஒன்றை மட்டும் விளைவிக்கும் வழி நாடி ஆய்வுகள் தொடர்கின்றன.

இடம் தவறிய பொருள்கள் இறுதியில் சேருமிடம் பற்றியும் ஒரு சொல். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி பீனால் வகைகள் ஒரு லிட்டரில் 0.001 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் விரும்பத்தக்கதன்று. இத்துணைக் கடுமைக்குக் காரணம் உண்டு. நீரைத் தூய்மை செய்யக் குளோரின் இடும்போது அது பீனாலோடு கூடிக் குளோரோபீனாலாகி, அற்ப அளவிலும் பொறுக்கவொண்ணா வாடையையும் சுவையையும் தருகிறது. குடிநீரில் மருந்து வாடை வீசுகிறதென ஊரார் முறையிடின், குளோரினின் அளவை மட்டும் சோதித்து அமையாமல், ஆற்றின் மேற்பகுதியில் பீனால் கழிவு கலக்கிறதா என்பதையும் நீர்ப்பணியாளர் ஆராய்தல் வேண்டும்.

பள்ளியில் செய்து காட்ட

தூய பீனாலை மாணவர் கையில் தருதல் கூடாது. அது தோலை வெண்மையாக்கி மரத்துப்போகச் செய்வதால் புண்பட்டதே உடனே தெரியாது. பட்டுவிடின் நனைந்த ஆடையைக் களைந்து, நிறைய நீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். ஓமத்தைக் கொண்டு செய்யும் சோதனைக்கு இவ்வச்சம் இல்லை. 50 கிராம் ஓமத்தை இடித்துக் குடுவையிலிட்டு, நீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்கலத்தின் வழியே செலுத்துக. வடியும் நீரின் மேல் எண்ணெய்த் துளிகள் மிதக்கக் காணலாம். அவற்றை உறிஞ்சுகுழலால் பிரித்துச் சிறு சோதனைக் குழாயில் இட்டு, பனிக்கட்டியில் நிறுத்தி, தைமால் துகளொன்றை விதையாக இடுக. எண்ணெயில் தைமால் மிகுந்திருப்பின் சிறிது நேரத்தில் ஒளிபுகும் பளிங்குகள் குழாயின் சுவரில் படரத் தொடங்கும்.