எழ மனமிருந்தும் எழ முடியாத பொழுதுகள்: ஆட்டிசமும் ஓயாத சலிப்பும்

‘போரடிக்குது’ என்று யாராவது சொன்னால் நம் வீடுகளில் பதில் தயாராக இருக்கும். புத்தகம் படி, நாலு பேரோடு பேசு, கடைவரைக்கும் போய்ட்டு வா, முதல்ல அந்த போனைக் கீழே வை. பலருக்கு இவற்றில் ஏதோ ஒன்று உதவியும் விடும். ஆட்டிசம் உள்ள ஒருவர் அதே வார்த்தையைச் சொல்லும்போது நிலைமை பெரும்பாலும் வேறாக இருக்கிறது. புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது. படிக்கும் ஆசையும் இருக்கிறது. கை மட்டும் நீளவில்லை. காலை 10 மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்தவர், மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போதும் அங்கேயே இருக்கிறார். பார்ப்பவர்களுக்கு அது ஓய்வு போலத் தெரியும். உள்ளே அவர் தவித்துக்கொண்டிருப்பார்.

இந்தத் தவிப்பு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தொடர்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வீட்டில் சோம்பேறி என்று பெயர் விழுகிறது. கேட்டுக் கேட்டு அவர்களும் அதை நம்பிவிடுகிறார்கள். அந்தப் பெயர் தவறானது. அது ஒட்டிக்கொண்டிருக்கும்வரை உதவி எதுவும் உள்ளே நுழையாது.

சலிப்பும் ஒரு வலிதான்

கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜான் ஈஸ்ட்வுட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2012இல் சலிப்பை வரையறுத்தார்கள். நிறைவு தரும் ஒன்றில் ஈடுபட ஒருவர் விரும்புகிறார், ஆனால் ஈடுபட முடியவில்லை. அந்த நிலையின் வேதனையே சலிப்பு என்றார்கள். ஆசையே இல்லாதவருக்குச் சலிப்பும் இல்லை. சலிப்பில் இருப்பவரைப் பார்த்து ‘உனக்கு எதிலுமே ஆர்வமில்லை’ என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம்.

எவ்வளவு வேதனை? 2014இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டிமோத்தி வில்சன் குழுவினர் மாணவர்களைத் தனியறையில் 15 நிமிடம் தங்கள் எண்ணங்களோடு மட்டும் உட்காரவைத்தார்கள். விரும்பினால் அழுத்தி லேசான மின்னதிர்ச்சி பெறலாம் என்று ஒரு பொத்தானும் வைத்திருந்தார்கள். இந்த அதிர்ச்சியைத் தவிர்க்கப் பணம் கொடுக்கவும் தயார் என்று முன்னதாகச் சொன்னவர்களிலேயே, 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அந்தப் பொத்தானை ஒருமுறையாவது அழுத்தினார்கள். கால் மணி நேரத்துக்கே இப்படி என்றால், நாள் முழுவதும் அதில் இருப்பவரின் நிலையை நாம் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரே வாய்க்காலில் பாயும் கவனம்

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இது ஏன் கூடுதலாக நேர்கிறது? 2005இல் டைனா மர்ரேயும் இரண்டு சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு கட்டுரை இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. மோனோட்ரோபிசம் என்பது அந்த விளக்கத்தின் பெயர். பெரும்பாலானவர்களின் கவனம் ஒரே நேரத்தில் பல பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து ஓடுகிறது. ஆட்டிசம் உள்ளவர்களின் கவனம் மடை திறந்த தண்ணீர்போல ஒரே வாய்க்காலில் முழுசாகப் பாய்கிறது. பாயும்போது அந்த வயல் செழிக்கிறது. மற்ற வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும்.

அதனால்தான் பிடித்த விஷயம் கையில் இருக்கும்போது அவர்கள் சாப்பாட்டையும் தூக்கத்தையும் மறக்கிறார்கள். அந்த விஷயம் முடிந்துபோனால், அல்லது யாராவது தடுத்துவிட்டால், கவனம் போய்ச் சேர இடமில்லை. மற்றவர்களைக் காப்பாற்றும் சின்னச் சின்னப் பொழுதுபோக்குகள், அதாவது கொஞ்சம் கிரிக்கெட், கொஞ்சம் சீரியல், மாடிப்படியில் பக்கத்து வீட்டாரோடு பேச்சு, இவை அவர்களின் கவனத்தைப் பிடித்து நிறுத்துவதில்லை. நாளை நிரப்ப இப்படிப்பட்ட பத்து வேலைகளை அடுக்கிக் கொடுத்தாலும் சலிப்பு அப்படியே இருக்கும். சில சமயம் கூடும்.

தொடங்குவதுதான் சுவர்

ஆழமாகப் பேச வேண்டிய இடம் இது. பிரிட்டனில் கேரன் லெனே பக்கிள் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில் ஆட்டிசம் உள்ள 32 பெரியவர்களின் அனுபவங்கள் இருக்கின்றன. தங்களுக்குப் பிடித்த வேலையைக்கூடத் தொடங்க முடியாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதை அவர்கள் விவரித்தார்கள். தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாமல் போவதையும் சொன்னார்கள். வெளியிலிருந்து யாராவது தலையிட்டால்தான் சிலருக்கு அந்தக் கட்டு அவிழ்கிறது. மன உறுதியை வரவழைத்துக்கொள்ளச் சொல்லும் அறிவுரை இங்கே பயன்படாது. உறுதிக்குப் பஞ்சமில்லை, உறுதிக்கும் உடலின் அசைவுக்கும் நடுவே பாலம் இல்லை.

இதைப் படிக்கும் நீங்களே ஆட்டிசம் உள்ளவர் என்றால், அந்தப் பாலத்தை உங்களுக்கு வெளியே கட்டிவையுங்கள். வேலையை முடிக்கும்போது முழுசாக மூடிவைக்காதீர்கள். ஊசியில் அடுத்த நிற நூலைக் கோத்துவிட்டு எழுந்திருங்கள். நோட்டுப் புத்தகத்தை அடுத்த பக்கத்தில் திறந்து, முதல் வரியைப் பாதி எழுதி, மேலே பேனாவை வைத்துவிடுங்கள். மறுநாள் நீங்கள் தொடங்க வேண்டியிருக்காது, விட்டதைத் தொடர்ந்தால் போதும். எழவே முடியாத நேரத்தில் மனத்தோடு மல்லுக்கட்டாமல் உடலில் ஆரம்பியுங்கள்: காலைத் தரையில் வையுங்கள், முகம் கழுவுங்கள், மொட்டைமாடியில் இரண்டு சுற்று நடங்கள். ஒரு நண்பரோடு வீடியோ அழைப்பில் இருந்துகொண்டு, இருவரும் பேசாமல் அவரவர் வேலையைப் பார்ப்பதும் பலருக்குக் கைகொடுக்கிறது. இன்னொரு மனிதர் அருகில் இருப்பதே ஒரு தூண்டுதல்தான்.

வீட்டில் இருப்பவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியது ஒரு கேள்வியை. ‘என்ன பண்ணப் போறே?’ என்று கேட்டால், ஏற்கெனவே முடிவெடுக்க முடியாமல் திணறுபவர் மேல் இன்னொரு முடிவைச் சுமத்துகிறீர்கள். ‘நான் கீரை ஆயப்போறேன், நீயும் பக்கத்துல வந்து உட்காருப்பா’ என்று சொல்லிப் பாருங்கள். அல்லது இரண்டே இரண்டு வழிகளைச் சொல்லி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். பதில் வர ஒரு நிமிடம் ஆகலாம். அந்த நிமிடத்தில் அதே கேள்வியைத் திரும்பக் கேட்காமல் இருப்பதுதான் கஷ்டமான பகுதி.

சலிப்பு போலத் தெரியும் வேறு சில

தன் உணர்வு என்னவென்று பிரித்தறிவதில் சிரமப்படும் நிலைக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கும், மற்றவர்களில் ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கும் இது இருப்பது தெரிந்தது. பசி, தாகம், சிறுநீர் முட்டுவது, புழுக்கம், பதற்றம் எல்லாமே ‘என்னவோ மாதிரி இருக்கு, போரடிக்குது’ என்ற ஒரே வாக்கியமாக வெளிவரலாம். அதனால் சலிப்பு தாக்கும்போது கடைசியாக எப்போது சாப்பிட்டோம், தண்ணீர் குடித்தோம், தூங்கினோம் என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. குறிப்பிட்ட சில உணவுகளை மட்டுமே சாப்பிடுபவர்களுக்கு இரும்புச்சத்தும் வைட்டமின் பி12உம் குறைந்து சோர்வு வரலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும்.

அடுத்தது ஆட்டிசத்தில் வரும் பெருங்களைப்பு. இயல்பாக இருப்பதுபோல் வருடக்கணக்கில் நடித்து, தாங்கும் அளவுக்கு மேல் சுமந்து, கடைசியில் உடலும் மனமும் படுத்துவிடும் நிலை இது. டோரா ரேமேக்கர் குழுவினர் 2020இல் இதை விவரித்தபோது மூன்று அடையாளங்களைச் சொன்னார்கள்: நீண்ட நாள் நீடிக்கும் களைப்பு, முன்பு செய்ய முடிந்ததைச் செய்ய முடியாமல் போவது, ஒலியையும் ஒளியையும் முன்போலத் தாங்க முடியாமல் போவது. இந்த நிலையில் இருப்பவரிடம் புதிய வகுப்பு, புதிய பயிற்சி என்று நீட்டினால் இன்னும் மோசமாகும். அவருக்கு வேண்டியது குறைவான எதிர்பார்ப்பும் இருட்டான அமைதியான அறையும்.

மனச்சோர்வு இன்னொன்று. சலிப்பில் பிடித்த விஷயத்தை நினைத்தால் மனம் அந்தப் பக்கம் இழுக்கும். மனச்சோர்வில் அந்த இழுப்பே நின்றுபோகும். ரயில்களைப் பற்றி ஓயாமல் பேசிய ஒருவர், ரயில் சத்தம் கேட்டும் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும். கவனக்குறைவு, மிகைச்செயல்பாடு எனப்படும் ஏடிஎச்டியும் பலருக்குச் சேர்ந்தே இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வரையறைக் கையேடு 2013வரை இரண்டையும் ஒருவருக்கே சேர்த்துக் கண்டறிய இடம் கொடுக்கவில்லை. அதற்கு முன் ஆட்டிசம் மட்டும் என்று சொல்லப்பட்டவர்கள், தீராத சலிப்பு இருந்தால் ஏடிஎச்டிக்கும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளலாம். அதற்கு மருந்து உண்டு, பலருக்குப் பலனும் தருகிறது.

பிடித்ததைப் பிடுங்காதீர்கள்

பேருந்துத் தட எண்கள், ரயில் எஞ்சின் வகைகள், பழைய நாணயங்கள், ஒரே பாடகரின் எல்லாப் பாடல்கள். ஆட்டிசம் உள்ளவரின் ஆழ்ந்த ஈடுபாடு எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். ‘இதையே கட்டிக்கிட்டு அழு’ என்று வீடு எரிச்சல்படுகிறது. தெரபியில் அதைப் பூட்டிவைத்து, சொன்ன வேலையைச் செய்தால் ஐந்து நிமிடம் பரிசாகக் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. இந்த வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அவருடைய கவனம் தடையின்றி ஓடும் ஒரே இடத்தைக் கூலியாக மாற்றிவிட்டால், மீதி நாளெல்லாம் அவர் எங்கே போவார்?

அந்த ஈடுபாட்டுக்கு நேரம் ஒதுக்கி, அதை அகலமாக்கலாம். ரயில் பிடித்தவரைப் பெரம்பூர் ஐ.சி.எஃப். வளாகத்தில் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகலாம். கால அட்டவணையிலிருந்து வரைபடத்துக்கும், வரைபடத்திலிருந்து ஊர்களின் வரலாற்றுக்கும் வழி இருக்கிறது. சாப்பாட்டையும் தூக்கத்தையும் விழுங்கும் அளவுக்குப் போனால் எல்லை வேண்டும்தான். அந்த எல்லையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். திடீரென்று பிடுங்கக் கூடாது.

சில ஈடுபாடுகள் தாமாகவே வற்றிவிடும். அப்போது வரும் வெறுமை மிகக் கடுமையானது. நெருங்கிய ஒருவரை இழந்ததுபோல் இருக்கும். பழைய ஈடுபாடுகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருங்கள். இரண்டு வருடம் முன் கைவிட்ட ஒன்று மறுபடி உயிர்பெறுவது அபூர்வமில்லை.

பழகிய சட்டத்துக்குள் ஒரு புதுமை

புதிதாக ஏதாவது வேண்டும் என்று மனம் ஏங்குகிறது. புதியது என்றாலே உடல் பதறுகிறது. ஆட்டிசத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டுக்கும் இடம் கிடைக்கிறது. தினமும் போகும் அதே டீக்கடை, போகும் தெரு மட்டும் வேறு. அதே ராகம், பாடுபவர் மட்டும் வேறு. அதே புள்ளிக் கோலம், இரண்டு புள்ளி மட்டும் கூடுதல்.

உடலையும் மறக்க வேண்டாம். புலனுணர்வு மந்தமாகப் பதியும் சிலருக்கு அசைவும் அழுத்தமும் நிறையத் தேவைப்படும். ஊஞ்சல், தண்ணீர்க் குடம் தூக்குவது, சப்பாத்தி மாவு பிசைவது, குளிர்ந்த நீரில் கை வைப்பது என்று ஏதாவது ஒன்று அரை மணி நேரத்தில் முகத்தையே மாற்றிவிடும். போனைப் பொறுத்தவரை ஒரே ஒரு கேள்வி போதும்: வைத்தபிறகு மனம் நிறைந்திருக்கிறதா, இன்னும் வெறுமையாக இருக்கிறதா?

18 வயதுக்குப் பிறகு

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஆட்டிசத்தை அங்கீகரிக்கிறது. குறிப்பிட்ட அளவு பாதிப்பு உள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உறுதிசெய்கிறது. பள்ளி முடிந்ததும் நம் ஊரில் பல இளைஞர்களின் நாள் திடீரெனக் காலியாகிறது. போக இடம் கிடைத்தவர்களுக்கும் உறை ஒட்டுவது, மெழுகுவர்த்தி செய்வது என்று ஒரே வேலை வருடக்கணக்கில் தொடர்கிறது. அது பிடித்தவர்களுக்கு நல்லதுதான். தகவல்களை வரிசைப்படுத்துவதில், பிழை கண்டுபிடிப்பதில், வரைவதில் ஆழும் மனம் கொண்டவர்களை அங்கே உட்காரவைத்துவிட்டு, ‘வேலையில் ஒட்டவே மாட்டேங்கிறான்’ என்று குறை சொல்வது சரியல்ல. அதே சட்டம் அரசு வேலைகளில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சேர்த்து ஒதுக்குகிறது. இந்த உரிமைகளைக் கோர முதல் படி மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. அதை எடுக்காதவர்கள் எடுத்துவிடுங்கள்.

பேசாதவருக்கும் சலிக்கும்

வாய்ப்பேச்சு இல்லாதவர்களின் சலிப்பு இன்னும் மறைவாக இருக்கிறது. சிறு குழந்தைகளுக்கான அதே வண்ண அட்டைகளை 25 வயதிலும் அடுக்கச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? கையைக் கடிப்பது, தலையை மோதுவது, பொருளை வீசுவது ஆகியவற்றின் பின்னால் சலிப்பு இருக்கலாம். ஆனால் முதலில் வலி இல்லை என்று உறுதிசெய்யுங்கள்: பல், காது, வயிறு, மலச்சிக்கல். வலி இல்லை என்று தெரிந்தபின் வயதுக்கேற்ற கதைகள், செய்திகள், பாடல்களை அவர் பக்கத்தில் வையுங்கள். படத்தின் மூலமோ டேப்லெட் மூலமோ ‘போதும்’, ‘வேற வேணும்’ என்று சொல்ல வழிசெய்து கொடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

பிடித்தவற்றிலும் ஆர்வம் இரண்டு வாரத்துக்கு மேல் இல்லாமல் போனாலோ, தூக்கமோ சாப்பாடோ பெரிதும் மாறினாலோ, முன்பு தானாகச் செய்த வேலைகள் கைவிட்டுப் போனாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் கேட்டால் பதில் வராமல் போகலாம். அதனால் ஒரு வாரத்துக்கு நேரம், இடம், அதற்குமுன் என்ன நடந்தது, எது கொஞ்சம் உதவியது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடையே தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்பதுபோன்ற பேச்சு எவ்வளவு சாதாரணக் குரலில் வந்தாலும், ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள். போனில் பேசுவது அவருக்குக் கடினம் என்றால் அவருக்காக நீங்கள் பேசுங்கள். அவர் அருகில் இருந்தால் போதும்.