குதிரை இல்லாத குதிரைப்படை

1898இல் ஸ்பெயினுடன் போர் மூண்டபோது அமெரிக்கா திரட்டிய முதலாவது தன்னார்வக் குதிரைப்படை, 'ரஃப் ரைடர்ஸ்' என்ற பெயரால் புகழ்பெற்றது. கௌபாய்கள், சுரங்கத் தொழிலாளர்கள், பழங்குடியினர், ஹார்வர்டு பட்டதாரிகள் எல்லோரும் அதில் சேர்ந்தார்கள். கப்பல்களில் இடம் போதாததால் அவர்களுடைய குதிரைகள் ஃபுளோரிடாவின் டாம்பாவிலேயே நின்றுவிட்டன. அதிகாரிகளின் சில குதிரைகள் மட்டுமே போர்க்களமான கியூபாவுக்குச் சென்றன. வீரர்கள் தரையில் நின்றே போரிட்டார்கள். ஜூலை 1 அன்று சான் யுவான் மேட்டில் கிடைத்த வெற்றி, இந்தப் படையை நடத்திய தியடோர் ரூஸ்வெல்ட்டின் தனிச் சாதனையாக இன்றும் பேசப்படுகிறது. அது நியாயமில்லை. அவர் முதலில் ஏறியது பக்கத்துக் கெட்டில் குன்று. சான் யுவான் குன்றை நேராகத் தாக்கியது காலாட்படை. 9, 10ஆம் குதிரைப்படைகளின் கறுப்பின வீரர்கள் கெட்டில் சரிவில் அவருடனேயே ஏறினார்கள். அமெரிக்க அதிகாரி ஜான் பார்க்கரின் காட்லிங் துப்பாக்கிகள் எதிரியின் அகழிகளைச் சலிக்காமல் சுட்டன.

இப்படிச் சொன்னால் தன்னார்வலர்களின் வீரம் குறையாதா என்று கேட்கலாம். குறையாது. சில வாரப் பயிற்சியோடு போன அவர்கள், ஜூன் 24இலேயே லாஸ் குவாசிமாஸில் குண்டுமழையைச் சந்தித்தவர்கள். அவர்களில் ஒருவரான, அரிசோனாவின் பிரெஸ்காட் நகர மேயராக இருந்த பக்கி ஓநீல் கெட்டில் குன்றடியில் உயிர்விட்டார். மலேரியா பலரை வாட்டியது. ஆனால் பத்திரிகையாளர்கள் இவர்களைத்தான் சூழ்ந்து நின்றார்கள். ரூஸ்வெல்ட்டும் 1899இல் தம் படையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அவர் நியூயார்க் ஆளுநரானார். உடன் ஏறிய கறுப்பின வீரர்களோ நிறவெறிச் சட்டங்கள் ஆண்ட நாட்டுக்குத் திரும்பினார்கள்.