ஒரு காது மட்டும் கேட்குதா? ஹெட்செட்டைத் தூக்கிப் போடாதீங்க... முதல்ல வயரைப் பாருங்க!

"மச்சி, மேல இருக்கான்டா... கவர் குடு!" என்று கத்திக்கொண்டிருந்த பையன், திடீரென்று "ஹலோ... ஹலோ... நான் பேசறது கேக்குதா?" என்று மாறினால் விஷயம் புரிந்துவிடும். ஹெட்செட் போச்சு! கொஞ்ச நேரம் வயரைத் திருகிப் பார்ப்பான். ஒரு கோணத்தில் பிடித்தால் சத்தம் வரும், விட்டால் போய்விடும். இரண்டு நாள் இப்படி ஓட்டிவிட்டு, மூன்றாம் நாள் மெதுவாக ஆரம்பிப்பான்: "அம்மா, புது ஹெட்செட் ஒண்ணு..."

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் அந்த அம்மா பெரும்பாலும் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவராகவோ, ஒட்டுகிறவராகவோ இருப்பார். காலையில் கம்பெனி பஸ் பிடித்து, பொழுது சாய வீடு திரும்புகிறவரிடம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று கேட்டால் சும்மா வந்துவிடுமா? ஆனால், அந்தப் பையனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவன் ஹெட்செட் ஏன் கெட்டது என்பதற்கான பதில் அவன் அம்மாவின் வேலையிலேயே இருக்கிறது.

ஷூ எங்கே முதலில் வெடிக்கும்? விரல்கள் மடங்கும் இடத்தில். அதனால்தான் ஷூவை மெஷினில் மாட்டி, பல்லாயிரம் முறை மடக்கி நிமிர்த்திச் சோதிக்கிறார்கள். லேஸ் ஓட்டை, தையல் முடிகிற மூலை என்று இழுவை விழும் இடத்திலெல்லாம் உள்ளே ஒரு துண்டு வைத்துத் தைக்கிறார்கள். ஹெட்செட் வயருக்கும் இதே கதைதான். நடு வயர் சுலபத்தில் அறுந்துபோகாது. ஜாக்கிலிருந்து வெளியே வரும் முதல் இரண்டு, மூன்று செ.மீ., காது கப்புக்குள் நுழையும் இடம், வால்யூம் பட்டனின் இரண்டு ஓரங்கள் - இவைதான் மடங்கும் இடங்கள். ஸ்பீக்கர், மைக் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே தலைமுடி போன்ற செம்பு இழைகள் மட்டும் அறுந்திருக்கும்.

எந்த வயர் போச்சு? காதே சொல்லும்!

கத்தரியை எடுப்பதற்கு முன்னால் ஹெட்செட்டை வேறொரு போனில் செருகிப் பாருங்கள். போனின் ஜாக் ஓட்டையில் பஞ்சும் தூசியும் அடைத்திருந்தாலும் இதே தொல்லைதான். மியூட் பட்டனையும் ஒருமுறை பாருங்கள், சிரிக்காதீர்கள். வாரன்ட்டி பில் இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போகலாம். சில ஹெட்செட்களில் வயர் தனியாகக் கழன்று வரும். அப்படி இருந்தால் வயரை மட்டும் வாங்கி மாட்டினால் போதும்.

இது எதுவும் இல்லையென்றால், ஒரு பாட்டைப் போட்டுவிட்டு வயரை அங்குலம் அங்குலமாக மடக்கிக்கொண்டே வாருங்கள். எங்கே சத்தம் விட்டு விட்டு வருகிறதோ, அதுதான் இடம். ஒரு காது மட்டும் போனால் அந்தப் பக்க வயர். காது கேட்டு மைக் மட்டும் போனால் மைக் வயர். இன்னொரு விநோதமும் நடக்கும். இளையராஜா பாட்டைப் போட்டால் எஸ்.பி.பி குரல் காணாமல் போய், பின்னணி இசை மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். பேய் எதுவும் இல்லை! இரண்டு காதுக்கும் பொதுவான கிரவுண்ட் வயர் அறுந்திருக்கிறது. அப்போது இடது, வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். பாடகர் குரல் வழக்கமாக இரண்டு பக்கமும் சமமாகப் பதிவாகியிருப்பதால் அது கழிந்துபோகிறது.

டேப் சுற்றினால் போதாதா?

போதாது. வயரை உரித்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றுவதுதான் நம் ஊர் வழக்கம். அது ஒரு வாரம் தாங்கினால் அதிசயம். வேலூரை 'வெயிலூர்' என்று சும்மாவா சொல்கிறார்கள்? சித்திரை வெயிலில் டேப்பின் பசை இளகி வழுக்கிவிடும். அதைவிட முக்கியமான காரணம், பெரும்பாலான ஹெட்செட் வயர்களின் செம்பு இழைகளுக்கு மேலே மெல்லிய வார்னிஷ் பூச்சு உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் என்று நாம் பார்க்கும் நிறமே அந்தப் பூச்சுதான். அதை நீக்காமல் முறுக்கினாலும் சரி, ஈயம் வைத்தாலும் சரி, மின்சாரம் ஒழுங்காகப் போகாது. முதன்முதலாகச் செய்கிறவர்கள் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தேவையானவை கொஞ்சம்தான். 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பி, பசை (ஃப்ளக்ஸ்), சில அளவுகளில் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப், ஒரு சாதாரண மல்டிமீட்டர். ஜாக் பக்கம் போயிருந்தால் புதிதாக ஒரு 3.5 மி.மீ. ஜாக். மைக் உள்ள ஹெட்செட் என்றால் மூன்று கறுப்பு வளையம், நான்கு பாகம் கொண்ட ஜாக்கைக் கேட்டு வாங்குங்கள். கடையில் கொடுப்பதை அப்படியே வாங்கி வந்தால் மைக் வேலை செய்யாத ஜாக்காக இருக்க வாய்ப்பு உண்டு.

கெட்ட பகுதிக்கு இரண்டு பக்கமும் ஓரிரு செ.மீ. தள்ளி வெட்டுங்கள். வெட்டிய பழைய ஜாக்கை எறியாதீர்கள், அதுதான் உங்கள் வழிகாட்டி. வயர் நிறங்களுக்கு உலகம் முழுக்க ஒரே விதி கிடையாது. சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் கிரவுண்ட் என்பது வழக்கம், அவ்வளவே. எனவே பழைய ஜாக்கின் துண்டு வயர்களை உரித்து, மல்டிமீட்டரை 'பீப்' சத்தம் வரும் நிலையில் வைத்து, எந்த நிறம் எந்தப் பாகத்துக்குப் போகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இன்றைய போன்களில் பொதுவாக ஜாக்கின் நுனி இடது, அடுத்தது வலது, அதற்கடுத்தது கிரவுண்ட், கடைசி மைக். பழைய போன்கள் சிலவற்றில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும்.

இனிதான் பொறுமை. ஹீட் ஷ்ரிங்க் ட்யூபையும் ஜாக்கின் மூடியையும் முதலிலேயே வயருக்குள் நுழைத்துவிடுங்கள். எல்லாம் பற்றவைத்து முடித்த பிறகு, "ஐயோ, மூடி!" என்று தலையில் கைவைப்பவர்கள் ஏராளம். பிறகு வயர் நுனியை உப்புத்தாளில் மெல்லத் தேயுங்கள். அல்லது அயர்ன் முனையில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, நுனியை அதற்குள் சில விநாடி வையுங்கள். பூச்சு கருகி விலகி, செம்பில் ஈயம் வெள்ளியாக ஏறும். வயருக்குள் இருக்கும் நூல் போன்ற நார்களை ஈயத்தில் கலக்க விடாதீர்கள். அவை இழுவையைத் தாங்குவதற்கான நார்கள். ஒதுக்கிவைத்து, கடைசியில் முடிச்சாகக் கட்டிவிடலாம்.

நடு வயரை இணைப்பதாக இருந்தால் நான்கு இணைப்பையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். படிக்கட்டு மாதிரி தள்ளித் தள்ளி வைத்தால் ஒன்றோடொன்று உரசாது. ஒரு இணைப்புக்கு மூன்று விநாடி போதும். அதற்கு மேல் சூடு காட்டினால் ஜாக்கின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகிவிடும். மூடுவதற்கு முன் மல்டிமீட்டரில் பக்கத்துப் பக்கத்துப் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கவில்லையே என்று பார்த்துவிட்டு, ஒரு பாட்டும் போட்டுப் பாருங்கள்.

யு.எஸ்.பி ஹெட்செட் என்றால் இந்தச் சோதனை கட்டாயம். அதன் சிவப்பு வயரில் 5 வோல்ட் ஓடுகிறது. சிவப்பும் கறுப்பும் தொட்டுக்கொண்டால் லேப்டாப்பின் போர்ட்டுக்கே ஆபத்து.

தோல் துண்டு போதும்

ஈயம் வைத்த இடம் விறைப்பாக இருக்கும், அதை ஒட்டிய வயர் வளையும். அதாவது, உடைவதற்கு ஒரு புது இடத்தை நாமே உருவாக்கியிருக்கிறோம்! இதற்குத்தான் ஷூக்காரர் மூளை வேண்டும். பேனா ஸ்பிரிங்கை வயரில் சுற்றி, அதன்மேல் ஹீட் ஷ்ரிங்க் ட்யூபை ஏற்றிச் சுருக்குவது பலர் செய்யும் வழி. ஆம்பூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஷூவின் உள்பக்கத்துக்குப் போடும் லைனிங் தோலின் வெட்டுத்துண்டு. நான்கு செ.மீ. நீளத்தில், மெல்லிய, வளைகிற துண்டாக எடுத்து, ஜாக் மூடியையும் வயரையும் சேர்த்துச் சுற்றி, ஓரத்தில் மெழுகு நூலால் தைத்துவிட்டால், வயர் ஒரே புள்ளியில் மடங்காமல் மெதுவாக வளையும். இதை அம்மாவிடம் கொடுங்கள். பையன் அரை மணி நேரம் போராடுவதை அவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்.

சில எச்சரிக்கைகள். ஈயப் புகையை முகர வேண்டாம். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தட்டில் கைவைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் தனியாக அயர்னைத் தொட வேண்டாம். புளூடூத் ஹெட்செட்டின் உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கும், அதைக் குத்திக் கிளறுவது வேண்டாத வேலை.

கம்பெனிக்காரர்கள் உதிரிபாகம் தராமல் "புதுசு வாங்குங்க" என்று சொல்வது எல்லா ஊரிலும் நடக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'பழுது பார்க்கும் உரிமை'க்காகவே ஒரு இணையதளம் தொடங்கியது. வாரன்ட்டி காலத்தில் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

வெட்டிப்போட்ட வயரைச் செம்புக்காகக் கொளுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த பிளாஸ்டிக் புகை நஞ்சு. கழிவு என்ன செய்யும் என்று பாலாற்றங்கரைக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. தோல் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, 'வேலூர் குடிமக்கள் நலமன்றம்' வழக்கு என்ற பெயரிலேயே நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. துண்டு வயர்களை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். மின்கழிவு எடுப்பவர்களிடம் சேர்க்கலாம். அதற்குள் பக்கத்து வீட்டுப் பையன் தன் ஹெட்செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், நல்ல நீளமாக ஒரு துண்டு அதிலேயே கிடைக்கும்.