மண்ணுக்கும் ஒரு போர்வை

நாகபுரியில் மே மாதத்து வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தொடுவதுண்டு. நமது ரெயில்வே குடியிருப்பின் பின்புறத்தே பாய் விரிக்கும் அளவே மண் உளது. அதில், ஊரிலிருந்து கொணர்ந்து நட்ட கறிவேப்பிலைக் கன்றுகள் இரண்டு, அடுத்தடுத்த கோடைகளில் கருகின. காலையில் ஊற்றிய நீர் மாலைக்குள் உலர்ந்துவிடும். குழாய் நீரோ குடிப்பதற்கே அளந்து வருவது.

மூன்றாவது கன்றுக்கு மூடாக்கு இட்டோம். செலவு யாதுமில்லை. தெருவோர வேம்பின் சருகு, பழக்கடையில் எறியும் வைக்கோல், தேங்காய் நார் ஆகியவையே போதும். முதலில் களை நீக்கி மண்ணை நன்கு நனைக்க வேண்டும். மேலே பழைய செய்தித்தாளை நான்கைந்து மடிப்பாக நனைத்து விரித்து, அதன்மீது சருகை 3 அங்குல உயரம் பரப்புக. தண்டைச் சுற்றி 2 அங்குலம் வெறுமையாய் விடுக. ஒட்டி வைத்தால் தண்டு அழுகும், கரையானும் ஏறும். விதை முற்றிய புல்லை இடலாகாது; களையை நாமே விதைத்தவராவோம். கீரைப் பாத்தியாயின், நாற்று விரலளவு வளர்ந்த பின்னரே மூடுக.

வெயில் நேரே படாமையால் மண் ஈரம் காக்கிறது. வெளிச்சமின்மையால் களை குறைகிறது. மழைக்காலத்தில் சருகு மக்கி எருவாகிறது.

அவ்வாண்டு ஊர் சென்று எட்டு நாள் கழித்துத் திரும்பினோம். அடுத்த வீட்டு மராட்டிய அம்மையார் இருமுறையே நீர் ஊற்றினாராம். கன்று துளிர்த்திருந்தது! அன்றைய ரசத்தில் நம் வீட்டு இலையே மணந்தது.

சருகைக் கூட்டிக் கொளுத்தும் அன்பர்கள் இனியேனும் அதனை மண்ணுக்கே ஈவார்களாக.