பயோடீசல் செய்முறை: மாணவர் கேட்டுப் பெற வேண்டிய பாதுகாப்பு

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் பஜ்ஜிக் கடை எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுத்துக் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. யோசனை நல்லதுதான். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சிச் சாப்பிடாமல் எரிபொருள் ஆக்குங்கள் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2018 முதல் சொல்லி வருகிறது. ஆனால் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் குலுக்குவது என்ன என்று பெற்றோர் பலருக்குத் தெரியாது. அது மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் கலந்த கரைசல்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிவாங்கிய கள்ளச்சாராயத்தில் இருந்தது இதே மெத்தனால்தான். சில மில்லி உள்ளே போனாலே பார்வை நரம்பு கெடலாம். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் சேரும். நம் ஊர் அறை வெப்பநிலையிலேயே அதன் ஆவி தீப்பற்றும். பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. 2014 ஜனவரியில் நியூயார்க்கின் பீக்கன் பள்ளியில், மெத்தனாலை எரித்து வண்ணச்சுடர் காட்டிய வகுப்பில் ஒரு மாணவர் கடுமையாகத் தீக்காயமுற்றார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் இதே செய்முறையைப் பற்றி எச்சரிக்கை வீடியோ வெளியிட்டிருந்தது.

இதற்காகப் பயோடீசல் செய்முறையையே நிறுத்திவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகத் திட்டமிட்டால் பிளஸ் டூ மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. சரியான விடை தரும் முறையே பாதுகாப்பான முறையாகவும் இருக்கிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

காஸ்டிக் சோடாவை எடுத்துக்கொள்வோம். 100 மில்லி புது எண்ணெய்க்கு 20 மில்லி மெத்தனாலும் சுமார் 0.35 கிராம் காஸ்டிக் சோடாவும் தேவை. ஒரு குருணையே ஏறத்தாழ 0.1 கிராம் இருக்கும். தாளில் கொட்டிய சில நிமிடங்களில் காற்றின் ஈரத்தை இழுத்துப் பளபளவென்று வியர்க்கத் தொடங்கும். ஒவ்வொரு குழுவும் தனித்தனியே எடை போட்டால் ஒருவருக்குச் சோப்புக் கூழ் வரும், இன்னொருவருக்கு எண்ணெய் அப்படியே நிற்கும். வழி எளிது. ஐந்து குழுக்கள் என்றால், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆசிரியரே 1.75 கிராமை 100 மில்லி மெத்தனாலில் கரைத்து, குழுவுக்கு 20 மில்லி அளந்து கொடுக்க வேண்டும். எடைப் பிழை எல்லோருக்கும் ஒன்றாகிவிடும். பிள்ளைகளும் குருணையைத் தொட வேண்டியதில்லை, மெத்தனால் பாட்டிலைத் திறக்க வேண்டியதில்லை.

பொரித்த எண்ணெய் என்றால் முதலில் அதன் அமிலத்தன்மையை அறிய வேண்டும். ஒரு மில்லி எண்ணெயை 10 மில்லி ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, இரண்டு சொட்டுப் பினாப்தலீன் விட்டு, லிட்டருக்கு ஒரு கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீரால் தரம் பார்க்கலாம். இளஞ்சிவப்பு நிலைக்க 2.4 மில்லி ஆனால், 100 மில்லி எண்ணெய்க்கு 0.24 கிராம் கூடுதலாக வேண்டும், ஆக மொத்தம் 0.59. மாணவர்கள் பியூரெட்டோடு நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். வீடியோக்கள் தாண்டிப் போவதும் இதைத்தான். எண்ணெயில் துளி நீர்கூட இருக்கக் கூடாது. இருந்தால் சோப்புதான் மிஞ்சும்.

சூடாக்க ஸ்பிரிட் விளக்கோ பர்னரோ கூடவே கூடாது. வேறு அறையில் காய்ச்சிய வெந்நீரில் குடுவையை வைத்து 55 டிகிரி அளவில் வைத்திருந்தால் போதும். மெத்தனால் ஏறத்தாழ 65 டிகிரியில் கொதித்துவிடும். அலுமினியப் பாத்திரத்தைக் காஸ்டிக் சோடா அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும் என்பதால் கண்ணாடியே சரி. ஒரு நாள் அசையாமல் வைத்தால் கிளிசரின் அடியில் தங்கும். புது எண்ணெயில் ஒன்று, பொரித்த எண்ணெயில் மூன்று என்று செய்து, காரத்தின் (காஸ்டிக் சோடாவின்) அளவை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் முடிவை நம்பலாம்.

மேடையில் பயோடீசலை எரித்துக் காட்டுவதும், அப்பாவின் வண்டியில் ஊற்றிப் பார்ப்பதும் வேண்டாம். மிச்ச மெத்தனால் அதில் இருக்கும். அடியில் தங்கிய கிளிசரினைக் ‘கை கழுவும் சோப்பு’ என்று பார்வையாளருக்குக் கொடுப்பது இன்னும் மோசம். அதில் காரமும் மெத்தனாலும் இரண்டுமே இருக்கின்றன.

இனி உரிமை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். அதையொட்டித் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது: கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும். ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, ஓடும் தண்ணீர்க் குழாய், தீயணைப்பான், அறையை விட்டு நகராத ஆசிரியர் ஆகிய இவற்றைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. மெத்தனாலைப் பள்ளி எங்கிருந்து வாங்கியது, எவ்வளவு இருக்கிறது, பூட்டியிருக்கிறதா என்றும் பெற்றோர் கேட்கலாம். பிள்ளையைக் கடைக்கு அனுப்பி வாங்கிவரச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

விபத்து நேர்ந்தால் கண்ணிலோ தோலிலோ பட்ட இடத்தை ஓடும் நீரில் இருபது நிமிடமாவது கழுவுங்கள். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சையோ வினிகரோ விட வேண்டாம். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் 108ஐ அழையுங்கள், பாட்டிலின் லேபிளை மருத்துவரிடம் காட்டுங்கள். மெத்தனாலின் கேடு அரை நாள் கழித்தும் வெளிப்படலாம்; “பையன் நல்லாத்தானே இருக்கான்” என்று வீட்டிலேயே வைத்திருந்தால் மாற்று மருந்து தரும் நேரம் கைநழுவிவிடும். சிகிச்சைச் சீட்டுகளையும் ஆய்வக மேசையின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். தலைமையாசிரியரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் பெற்றதற்கான கையெழுத்து வாங்குங்கள். பதில் இல்லையென்றால் முதன்மைக் கல்வி அலுவலர், கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098, மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ஆகிய வழிகள் இருக்கின்றன. அலட்சியத்தால் காயம் என்றால் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். அதற்குப் பள்ளியின் அனுமதி தேவையில்லை.