செயலமர்வு முடிந்த மறுநாள் காலை

செயலமர்வு என்றதும் நம் வியாபாரிகளில் பலருக்குச் சிரிப்பு வரும். காரணம் இல்லாமல் இல்லை. சில வருடங்களுக்கு முன்னர் பதுளையில் நடந்த வர்த்தக செயலமர்வொன்றுக்கு நானும் போயிருந்தேன். 9 மணிக்கு அழைத்தார்கள், ஆரம்பித்தபோது 10.15. வரவேற்புரை, தலைமையுரை, விசேட உரை. அதன்பின் சந்தைப்படுத்தல், வரி, கணக்கு, வங்கிக் கடன் எல்லாம் ஒரே நாளில். லுஹருக்கு எழுந்து போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. மறுநாள் கடையைத் திறந்தபோது கடன் கொப்பி அப்படியே இருந்தது. அந்த மாதம்தான் கணக்குத் தகராறில் ஒரு தோட்டக் குடும்பம் என் கடைக்கு வருவதை நிறுத்தியிருந்தது.

பிறகு, பசறை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கடனுக்குச் சாமான் கொடுக்கும் கடைக்காரர்களுக்காக ஒரு செயலமர்வு நடத்தும் பொறுப்பு என்னிடமே வந்தது. முதலில் ஒரு கேள்வியைத்தான் எழுதினேன்: வருபவர் மறுநாள் காலை கடையில் எதனை மாற்றிச் செய்ய வேண்டும்? விடை, கடன் கொப்பி. மற்றத் தலைப்புகளை எல்லாம் விட்டுவிட்டோம்.

அடுத்தது நாள். தோட்டச் சம்பளம் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டி வரும். அந்த வாரத்தில் எந்த முதலாளியும் கல்லாவை விட்டு எழும்ப மாட்டார். வெள்ளியில் ஜும்ஆ, ஞாயிறில் சந்தை. எனவே 20ஆம் திகதிக்குப் பிந்திய ஒரு செவ்வாய்க்கிழமை, லுஹருக்குப் பின் தொடங்கி அஸருக்கு முன் முடிப்பதென்று தீர்மானித்தோம். அழைத்தது 20 பேரை மட்டும். முதலாளியுடன், கொப்பி எழுதும் பையனும் வர வேண்டும் என்றோம்.

மேடை போடவில்லை. வராமல் நிற்கும் கடன் தொகையைப் பெயரில்லாத துண்டில் எழுதி ஒரு பெட்டியில் போடச் சொன்னோம். பலகையில் கூட்டியபோது ஒருவரும் பேசவில்லை. தனக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தோம்.

பின்னர் ஐந்து பேர் கொண்ட குழுக்கள். விதி ஒன்றுதான்: இளையவர் முதலில் பேசுவார், முதலாளி கடைசியில். கந்தக் யுத்தத்தில் அகழி தோண்டும் யோசனையைச் சொன்னவர் மதீனாவின் தலைவர்களில் ஒருவரல்ல. பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரழி) அவர்கள். மஷூராவின் பயன் அதுதான். எங்கள் குழுவில் ஒரு பையன் சொன்னான்: "நாங்க எழுதுறது அவங்களுக்குத் தெரியாது. சம்பளத்தன்றுதான் தொகையைச் சொல்றோம். அதான் சண்டை வருது." வாடிக்கையாளர் கையிலும் ஒரு சிறு கொப்பி, ஒவ்வொரு முறையும் இரண்டிலும் எழுதுவது என்ற முடிவு அங்கேயே பிறந்தது. கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகராவின் 282ஆம் வசனம் குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். ஆனால் அந்த எழுத்தை மறுதரப்புக்கும் காட்ட வேண்டும் என்பதில்தான் பொடுபோக்காக இருந்துவிட்டோம்.

சர்வதேச தொழில் தாபனம் பல நாடுகளில் நடத்துவிக்கும் சிறு வியாபாரப் பயிற்சியிலும் இதே அடிப்படைதான். பங்குபற்றுவோர் வகுப்பறையிலேயே ஒரு வியாபாரத்தை விளையாட்டாக நடத்திப் பார்ப்பார்கள். கேட்டது மறந்துபோகும், செய்தது கையில் நிற்கும்.

கலையும் முன் ஒவ்வொருவரும் தாம் செய்யப்போகும் ஒரு காரியத்தை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் கூடினோம். எல்லோரும் செய்திருக்கவில்லை. செய்தவர்களின் கடையில் சம்பள நாள் சத்தம் குறைந்திருந்தது.

நான் எழுதிக் கொடுத்த காரியம், விலகிப்போன அந்தக் குடும்பத்திடம் கொப்பியுடன் போவது. லயத்து வாசலில் உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து கூட்டினேன். ஒரு பக்கத்தை இரண்டு முறை கூட்டியிருந்தேன். பிழை என்னுடையது. மிகுதியைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அடுத்த மாதம் அவர்கள் சிறு கொப்பியுடன் கடைக்கு வந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் சங்கமோ பள்ளி நிர்வாகமோ செயலமர்வு நடத்த எண்ணினால், மண்டபத்தையும் பேச்சாளரையும் தேடுவதற்கு முன் அந்த மறுநாள் காலையை முதலில் நினைத்துப் பாருங்கள்.