ஆவாரைக்கு தினமும் தண்ணீர் ஊற்றாதீங்க!

பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்ட ஆவாரம்பூ, சிறுபீளை, வேப்பிலைக் கொத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம். ஆவாரையோ, யாரும் தண்ணீர் ஊற்றாமலே ரோட்டோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் செடி. அதையே ஆசையாக வீட்டில் வைத்தால் பல நேரம் பட்டுப்போகிறது. பெரும்பாலும் நம் அக்கறைதான் காரணம்!

ஆவாரையின் ஆணிவேர் ஆழமாக இறங்கி, ஈரத்தைத் தானே தேடிக்கொள்ளும். காட்டுச்செடியைப் பிடுங்கி வந்தால் அந்த வேர் அறுந்துவிடும். அதன்பிறகு எவ்வளவு ஊற்றினாலும் பிழைப்பது கஷ்டம்.

எனவே விதைதான் நல்ல வழி. பழுப்பாகக் காய்ந்த தட்டைக் காய்களை உடைத்தால் விதை கிடைக்கும். தோல் ரொம்பக் கெட்டி. கொதித்த நீரை இறக்கிச் சற்று ஆறவிட்டு, அதில் விதைகளைப் போட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை மட்டும் எடுத்து, செடி கடைசிவரை நிற்கப்போகும் இடத்திலேயே ஊன்றுங்கள். உப்பாதவற்றுக்கு இன்னொரு முறை வெந்நீர்க் குளியல்!

நாள் முழுக்க வெயில் வேண்டும். சரளை, செம்மண் எதுவும் சரி. தண்ணீர் தேங்கக் கூடாது. தினமும் தண்ணீர் பாயும் வாழை, செம்பருத்திக்குப் பக்கத்தில் வைத்தால் வேர் அழுகும். முதல் கோடையைத் தாண்டும்வரை மண் நன்றாகக் காய்ந்தபிறகு ஊற்றினால் போதும். அப்புறம் மழையே பார்த்துக்கொள்ளும். மாடித் தொட்டியில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. வேர் இறங்க இடமில்லாததால் ஆழமான டிரம் தேவை, தண்ணீரும் நாம்தான் தர வேண்டும்.

நர்சரியில் கன்று வாங்குபவர்கள் கவனிக்க: மஞ்சள் பூ பூப்பதெல்லாம் ஆவாரை இல்லை. இலைக்காம்பின் அடியில் காது மடல் மாதிரி வட்டமான சிற்றிலை இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் அடையாளம்.

இலையைப் பச்சைப் புழுக்கள் கடித்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள். பெரும்பாலும் அவை வெளிர் நிறப் பட்டாம்பூச்சிகளின் குழந்தைகள். கொஞ்சம் தின்றுவிட்டுப் போகட்டும், செடி மறுபடி துளிர்த்துவிடும். பூவில் தேன் கிடையாது. மகரந்தத்துக்காகக் கருவண்டுகள் வந்து ரீங்கரித்து உதிர்க்கும். குழந்தைகளுக்குக் காட்டுங்கள், நல்ல வேடிக்கை!

பூ கிடைக்க ஆரம்பித்ததும் பல வீடுகளில் ஆவாரம்பூ டீ தொடங்கிவிடும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்புவது ஆபத்து.